வரவு எந்தப் பக்கம்

பட்டம் முடித்த பிள்ளை இனி எதற்காக டிப்ளோமா படிக்கவேண்டும் என்று அப்பா கேட்டபோது என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து முடித்து, ஒன்றரை ஆண்டு ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில் வேலை பார்த்துவிட்டு, பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியின் வணிக நிர்வாக முதுநிலை டிப்ளோமாவுக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். அப்பா ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். எந்தப் படிப்புக்கு மேல் எந்தப் படிப்பு வரும் என்பது அவருக்கு மனப்பாடம். "டிகிரிக்கு மேலை மாஸ்டர்ஸ், அதுக்கு மேலை பி.எச்டி. இதுக்குள்ளை டிப்ளோமா எங்கை பிள்ளை வருது?" என்று கேட்டுவிட்டு, கல்லூரி அனுப்பியிருந்த அனுமதிக் கடிதத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

அந்தக் கேள்வியின் முழு விடையையும் படிப்பு முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் அறிந்துகொண்டேன். இப்போது மாதத்துக்கு ஒருவராவது தொலைபேசியில் அழைத்து, "அக்கா, பெங்களூரிலை போய்ப் படிக்கலாமோ?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு அவசரத்தில் சொல்லிமுடிக்க இயலாததை இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்தியாவில் பட்டம் வழங்கும் உரிமை எல்லாக் கல்லூரிகளுக்கும் இல்லை. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, அந்த உரிமையைப் பல்கலைக்கழகங்களுக்கும், பல்கலைக்கழக நிலை பெற்ற நிறுவனங்களுக்கும், நாடாளுமன்றம் தனிச்சட்டத்தால் அதிகாரம் அளித்தவற்றுக்கும் மட்டுமே கொடுக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணையாமல் தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் ஒரு மேலாண்மைக் கல்லூரி, இரண்டு ஆண்டுகள் முழுநேரமாக, எம்.பி.ஏ. வகுப்பில் நடத்தும் அதே பாடங்களை நடத்தினாலும், கடைசியில் டிப்ளோமாவைத்தான் கையில் கொடுக்கலாம். 1973இல் தொடங்கி இன்று பன்னேர்கட்டா சாலையில் கல்லாலான கட்டடங்களோடு நிற்கும் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகமே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக டிப்ளோமாதான் வழங்கிவந்தது. அத்தகைய கழகங்களுக்கென 2017இல் இயற்றப்பட்ட சட்டம் 2018 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்த பின்புதான் அவை பட்டம் வழங்கத் தொடங்கின. ஆகவே அங்கே இந்தச் சொல்லை யாரும் தாழ்வாக நினைப்பதில்லை. ஆனால் அந்தச் சொல் பாக்குநீரிணையைக் கடக்கும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது என்பதை எனக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் சேர்ந்தது நகரின் வடகிழக்கு ஓரத்தில் இருந்த ஒரு சிறிய கல்லூரி, அவர்களும் சொல்லவில்லை.

முதற்பருவ வகுப்புகளைப் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே இணையவழியில் முடித்துவிட்டு, 2021 நவம்பரில் கொழும்பிலிருந்து வந்து இறங்கினேன். 180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருகிறவர்கள் 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதியவேண்டும். 2018 முதல் அதை இணையத்திலேயே செய்துவிடலாம் என்பதால் எளிதாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஆனால் அந்தப் பதிவுக்கு இருப்பிடச் சான்று வேண்டும். இருப்பிடம் தருகிறவர் வெளிநாட்டவர் ஒருவர் தங்கியிருப்பதை 24 மணி நேரத்துக்குள் அப்போதைய சி படிவத்தில் அரசுக்கு அறிவிக்கவேண்டியிருந்தது. கல்லூரி விடுதியில் இடமில்லை. முதல் மூன்று வீடுகளிலும் முன்பணம் பற்றிய பேச்சு முடிந்து, கடவுச்சீட்டை நான் வெளியே எடுத்ததும், வேறு ஆள் வருவதாக இருக்கிறது என்றார்கள். ராஜீவ் காந்தி கொலையில் தேடப்பட்ட புலிகள் 1991 ஆகஸ்டில் நகரின் கோணனகுண்டேயில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்து இறந்ததை நினைவில் வைத்திருக்கும் ஒரு தலைமுறை அந்த நகரில் இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணம் என்ற பெயர் அவர்கள் காதில் எப்படி விழும் என்பது எனக்குத் தெரியும். நான் பிறப்பதற்கு முன் நடந்தவற்றுக்காக அவர்கள் தயங்கியதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பதினான்கில் பத்து நாட்கள் போய்விட்டிருந்தன.

பதினோராம் நாள் அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு வீட்டு மாடியறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவின் கொள்ளுத்தாத்தா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து கண்டோன்மென்ட்டில் வேலைக்கு வந்தவர். "கேம்ப்லேர்ந்து வர்றியா பாப்பா?" என்று கேட்டார். இலங்கைத் தமிழர் என்றால் தமிழ்நாட்டின் அகதி முகாமிலிருந்து வருகிறவர் என்பதே அவர் அறிந்தது. "இல்லை அன்ரி, வீட்டிலையிருந்துதான் வாறன்" என்றேன். அன்று இரவு அவருடைய மகன் மடிக்கணினியில் சி படிவத்தை நிரப்பும்போது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திரையில் வெளிநாட்டவர் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று மகனிடம் கேட்டு, அதன்மேல் விரலை வைத்து, "நம்ம பாஷை பேசற பொண்ணுக்கு எதுக்குடா இப்படிப் போடணும்?" என்றார். மகன், போடாவிட்டால் அவளால் இங்கே இருக்கமுடியாதும்மா என்று பொறுமையாகச் சொல்லி, என் கடவுச்சீட்டு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்துப் பதிந்தார். பதின்மூன்றாம் நாள் என் விண்ணப்பம் போயிற்று.

வகுப்பில் நாங்கள் அறுபத்திரண்டு பேர். வெளிநாட்டு மாணவர் இருவர். நானும், வங்காளதேசத்திலிருந்து வந்த ஒருவரும். பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. உயர்தரம்வரை வணிகப் பிரிவைத் தமிழில் படித்த எனக்கு, கணக்கீடு ஒன்றுதான் துணிச்சல் தந்த பாடம். அந்தப் பாடத்திலேயே நான் முதலில் சறுக்கினேன்.

என் அருகில் அமர்ந்தவள் ஓசூர்க்காரி. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் வணிகவியல் படித்தவள். மாலையில் நூலகப் படிக்கட்டில் இருந்து, விரிவுரையாளர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்களுக்குத் தெரிந்த தமிழில் மறுபடி சொல்லிப் பார்ப்போம். நான் ஐந்தொகை என்பதை அவள் இருப்புநிலைக் குறிப்பு என்பாள். எனக்குப் பெறுமானத்தேய்வு, அவளுக்குத் தேய்மானம். எனக்குப் பரீட்சை மீதி, அவளுக்கு இருப்பாய்வு. மேலாண்மையை முகாமைத்துவம் என்று நான் சொன்னால் முகாமில் என்ன என்று கேட்பாள். இவை எல்லாம் எங்களுக்கு மகிழ்ச்சியாகவே இருந்தன. ஒரே பொருளுக்கு இரண்டு நல்ல சொற்கள் கிடைக்கின்றன என்று ஒரு பயிற்சிப் புத்தகத்தில் இரண்டு நிரல்களாக எழுதிவந்தோம். சிக்கல் வந்தது, இருவருக்கும் பொதுவான ஒரு சொல்லில்.

இடைப்பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம் எனக்குக் காய்ச்சல். அவளுடைய குறிப்புப் புத்தகத்தை வாங்கி அப்படியே பார்த்துப் படித்தேன். தேர்வில், இரண்டு பக்கமும் ஒரே கூட்டுத்தொகை வரவேண்டிய இருப்பாய்வுக் கணக்கு எத்தனை தரம் கூட்டியும் சமப்படவில்லை. இருபத்தைந்துக்குப் பதினொன்று எடுத்தேன். விடைத்தாளையும் அவளுடைய குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று மாலைதான் இருவருக்கும் விளங்கியது. காசு கொடுத்து மேசை நாற்காலி வாங்கினால், தளபாடக் கணக்கை வரவு வை, காசுக் கணக்கைச் செலவு வை என்றே எனக்குப் படிப்பித்தார்கள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது, அறைகலன் கணக்கு பற்று, ரொக்கக் கணக்கு வரவு. ஆங்கிலத்தில் டெபிட் என்னும் இடப்பக்கப் பதிவுக்கு ஈழத்துப் பாடசாலை வைத்த சொல்லும், கிரெடிட் என்னும் வலப்பக்கப் பதிவுக்குத் தமிழ்நாட்டுப் பள்ளி வைத்த சொல்லும் ஒன்றே: வரவு. அவளுடைய குறிப்பில் வலப்பக்கம் இருந்த வரவை எல்லாம் நான் இடப்பக்கத்து வரவாக மனத்தில் பதித்திருந்தேன்.

கையைவிட்டுப் போகும் காசை வரவு என்று எப்படி எழுதுவது என்று நான் கேட்டேன். அவளுக்கும் அது பழக்கம் மட்டுமே, காரணம் தெரியாது. இருட்டும்வரை அந்தப் படிக்கட்டிலேயே இருந்து யோசித்தோம். எங்கள் வழக்கு கணக்கின் உள்ளே நின்று பார்க்கிறது. தளபாடக் கணக்குக்குள் மேசை வந்தது, ஆகவே அது வரவு. அவர்களுடைய வழக்கு பழைய கடைக்காரரின் பேரேட்டிலிருந்து வருகிறது. ஓர் ஆள் நம்மிடமிருந்து பெற்றுக்கொண்டது அவர் பெயரில் பற்று, அவரிடமிருந்து நமக்கு வந்தது அவர் பெயரில் வரவு. ரொக்கத்தையும் ஓர் ஆளாக நினைத்துக்கொண்டால், அது நமக்குக் கொடுத்தது வரவாகிறது. இரண்டும் சரி. இரட்டைப் பதிவு முறையை அதற்கு முன் எட்டு ஆண்டுகளாகச் செய்துவந்த நான், அதை விளங்கிக்கொண்டது அந்த மாலையில்தான் என்று சொல்வேன். அதன் பிறகு எங்கள் குறிப்புகளில் வரவு என்ற சொல்லையே விட்டுவிட்டோம். இ என்றும் வ என்றும் எழுதினோம், இடது, வலது. இறுதித் தேர்வில் அவளுக்கும் எனக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஊரில் தமிழில் படித்துவிட்டு அங்கே போகிற பிள்ளைகள், தங்கள் தடுமாற்றம் எல்லாம் ஆங்கிலத்தால் வருவது என்று எண்ணி, பேச்சு ஆங்கில வகுப்புகளுக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆங்கிலத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிடலாம். ஏற்கெனவே படித்ததன் அடியில் விளங்காமல் கிடந்தவற்றைத் திரும்பத் தோண்டி எடுப்பதுதான் கடினம், அதற்குத்தான் முதல் ஆண்டில் நேரம் ஒதுக்கவேண்டும்.

செயற்பாட்டு மேலாண்மைப் பாடத்தில் ஒரு வேலை தந்தார்கள். அழுகக்கூடிய அல்லது ஒரு நாளில் மதிப்பிழக்கும் சரக்கை விற்கும் ஒருவரிடம் ஒரு வாரம் இருந்து, அவர் நாளொன்றுக்கு எவ்வளவு வாங்கவேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டவேண்டும். பத்திரிகை விற்பவர் கணக்கு என்று அதற்குப் பெயர். மிஞ்சினால் ஒன்றுக்கு எவ்வளவு நட்டம், போதாமல் போனால் ஒன்றுக்கு எவ்வளவு இலாபம் கைவிட்டுப் போகும் என்ற இரண்டையும் வைத்து, எத்தனை நாட்களில் சரக்கு மிஞ்சலாம், எத்தனை நாட்களில் தீர்ந்துபோகவேண்டும் என்று கண்டுபிடிப்பது. நாங்கள் இருவரும் சோமேஸ்வரர் கோயில் வாசலில் பூ விற்கும் ஓர் அம்மாவிடம் போனோம். விடியுமுன் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய்ச் சாமந்தி வாங்கி வருவார். கால் கிலோ நாற்பது ரூபாய்க்கு வாங்கி அறுபதுக்கு விற்பார். இரவு மிஞ்சியதை மாலை கட்டுகிற ஒருவர் பத்து ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார். கோணியை நான்காக மடித்து, அதன்மேல் ஈரத்துணி விரித்து, பூவைக் கைபடாமல் தராசுத் தட்டாலேயே அள்ளிப் போடுவார். விரல் பட்ட இதழ் மத்தியானத்துக்குள் கறுத்துவிடும் என்றார்.

ஆறு நாட்கள் குறித்துக்கொண்ட பின் அறையில் இருந்து கணக்கிட்டோம். மிஞ்சினால் முப்பது ரூபாய் நட்டம், போதாமல் போனால் இருபது ரூபாய் இழப்பு. இருபதை ஐம்பதால் வகுத்தால் 0.4. அதாவது பத்து நாட்களில் நான்கு நாட்கள் மிஞ்சலாம், ஆறு நாட்கள் தீர்ந்துபோகவேண்டும். விடையை எழுதிக்கொண்டு ஏழாம் நாள் போனபோது, எங்கள் கணக்கைச் சொல்லுமுன், "எவ்வளவு வாங்கறதுன்னு எப்படிம்மா முடிவு பண்றீங்க?" என்று தோழி கேட்டாள். அவர் தலையைத் தூக்காமல், "வாரத்துல நாலு நாளாவது பூ தீந்துபோச்சுன்னு சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பணும். அதுக்கு மேல வாங்கினா கை கடிக்கும்" என்றார். ஏழில் நான்கு, பத்தில் ஏறக்குறைய ஆறு. நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் அறைக்குத் திரும்பினோம். அறிக்கையில் அவர் சொன்ன வாக்கியத்தை முதலிலும் எங்கள் சமன்பாட்டை அதற்குக் கீழும் எழுதினோம். கல்லூரியில் நான் எழுதியவற்றில் இன்றும் வைத்திருப்பது அந்த அறிக்கை ஒன்றைத்தான்.

2022 மார்ச் மாதத்தில் இலங்கை ரூபாய் விழத் தொடங்கியது. நான் சேர்ந்தபோது டொலர் ஒன்றுக்கு இருநூறு ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டது. அப்பா அனுப்பும் ஒரு இலட்சம் இலங்கை ரூபாய், முன்பு முப்பத்தேழாயிரம் இந்திய ரூபாயாக என் கையில் வந்தது. பிறகு இருபத்தோராயிரத்துச் சொச்சமாயிற்று. இரண்டாம் ஆண்டுக் கட்டணமான மூன்று இலட்சத்துக்கு எட்டு இலட்சம் சேர்த்தால் போதும் என்று போட்டிருந்த கணக்கு பதினான்கு இலட்சமாக ஏறியது. அந்தக் காசு இருந்தாலும் வங்கியில் வெளிநாட்டு நாணயம் இல்லை. ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அதே வாரம் நிதி மேலாண்மை வகுப்பில் நாணயமாற்று இடர் பற்றிய பாடம். விரிவுரையாளர், நான் இருப்பதை மறந்து, எங்கள் ரூபாய் விழும் வரைபடத்தைத் திரையில் போட்டு விளக்கினார். முன்கூட்டி ஒப்பந்தம் செய்து மாற்றுவீதத்தை நிலைப்படுத்திக்கொள்ளாத இறக்குமதியாளருக்கு என்ன நேரும் என்று அவர் கேட்க, வகுப்பு விடை சொல்லிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் வரிசையில் நிற்பதற்காக அப்பா அன்று காலை நான்கு மணிக்கு எழும்பிப் போயிருந்தார். நான் கையைத் தூக்கி, கட்டணம் கட்டவேண்டிய மாணவருக்கு அந்த ஒப்பந்தத்தை எந்த வங்கி தரும் என்று கேட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வகுப்பு முடிந்ததும் என்னை அழைத்துக்கொண்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போய், கட்டணத்தை நான்கு தவணையாகப் பிரித்துக் கொடுக்கும்படி அவரே எழுதிக் கொடுத்தார். மீதியை ரொறன்ரோவில் இருக்கும் சின்ன மாமா கட்டினார். அந்த மனிதர்கள் இருவரும் இல்லையென்றால் நான் படிப்பைப் பாதியில் விட்டிருப்பேன்.

பகுதிநேர வேலை செய்து சமாளித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போன உறவினரைப் பார்த்து அப்படிக் கேட்கிறார்கள். இந்தியாவின் மாணவர் விசாவில் ஊதிய வேலை செய்ய இடமில்லை. அல்சூரில் ஒரு கடைக்காரர் மாலையில் கணக்கு எழுத வரும்படி அன்போடு கேட்டார், மறுத்துவிட்டேன்.

அடுத்தது இன்னும் முக்கியம். வளாக நேர்முகத் தேர்வுகளில் என்னோடு படித்தவர்கள் ஆண்டுக்கு ஆறு, ஏழு இலட்சம் ஊதியத்தில் வேலைக்குப் போனார்கள். வெளிநாட்டவர் ஒருவரை இந்திய நிறுவனம் வேலைக்கு எடுக்க வேலை விசா வேண்டும், அதற்கு ஆண்டு ஊதியம் 16.25 இலட்சத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. மிகச் சில தொழில்களுக்கே விலக்கு. எனவே ஒரு நடுத்தரக் கல்லூரியின் டிப்ளோமாவோடு வெளியே வரும் இலங்கை மாணவருக்குப் பெங்களூரில் முதல் வேலை என்பது ஏறக்குறைய மூடிய கதவு. வேலைவாய்ப்புப் பிரிவில் என் பெயரை எல்லாப் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது நிறுவனத்தின் மனிதவள அலுவலர்தான் இந்த விதியை எடுத்துச் சொன்னார். சேரும்போதே கல்லூரி சொல்லியிருக்கவேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

2023 நடுப்பகுதியில் சென்னையிலிருந்து பலாலிக்குப் போகும் சிறிய விமானத்தில் ஊர் திரும்பினேன். அப்பாவின் கேள்வி அங்கே எனக்காகக் காத்திருந்தது. நான் விண்ணப்பித்த முகாமையாளர் பதவிக்கு இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின் 9ஆம் மட்டம் கேட்டிருந்தார்கள்; பாடநெறி வழியான முதுமாணி அந்த மட்டத்தில் வருகிறது. முதுநிலை டிப்ளோமா 8ஆம் மட்டம். என் சான்றிதழில் டிப்ளோமா என்றே இருந்தது. இரண்டு ஆண்டு, எம்.பி.ஏ.யின் அதே பாடங்கள் என்று வாயால் சொன்னால் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இத்தகைய டிப்ளோமாவை எம்.பி.ஏ.க்குச் சமம் என்று அறிவிக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஆனால் அது தானாக வருவதல்ல. ஒவ்வொரு கல்லூரியும் தன் படிப்புக்காக விண்ணப்பித்துப் பெறவேண்டும். என் கல்லூரிக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி மன்றத்தின் அங்கீகாரம் இருந்தது. சமநிலை விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. அந்தக் கடிதம் வர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் அந்தப் பதவி போய்விட்டது. அடுத்த இடத்தில் கடிதத்தைச் சேர்த்தே கொடுத்தேன், எடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் சித்தியின் மகள் பெங்களூரில் இன்னொரு கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். படிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் படிக்கட்டும் பூக்கடையும் எனக்குத் தந்தவை அவளுக்கும் கிடைக்கவேண்டும் என்றே விரும்புகிறேன். மூன்று கேள்விகளை எழுதி, கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். மன்றத்தின் அங்கீகாரக் கடிதம் எந்த ஆண்டுவரை செல்லும். சமநிலைக் கடிதம் எந்தத் தொகுதி மாணவர் வரைக்கும் உண்டு. கட்டணத்தை டொலரில் குறிப்பார்களா இந்திய ரூபாயிலா, இரண்டாம் ஆண்டுத் தொகையை இப்போதே எழுத்தில் தருவார்களா. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. முதல் இரண்டுக்கும் கடிதங்களின் பிரதியை இணைத்திருந்தார்கள். அப்பா அவற்றை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆண்டுகளின்மேல் விரலை வைத்து வாசித்தார். மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதவில்லை. அது வரும்வரைக்கும் காசு கட்டவேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.